பாறையில் விட்டு வந்தது பற்றி

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்தொன்று. மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை பார்க்கிறேன். புகார் கொடுத்திருப்பவர் என் கணவர், காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிளை மேலாளர். அவரைக் கடல் நடுவே பாறையில் சாகட்டும் என்று விட்டுவிட்டு வந்ததாக என் மேல் உள்ள புகார் படித்துக் காட்டப்பட்டது. அது பற்றி நான் சொல்வதாவது:

கடந்த ஞாயிறு முதல் நாங்கள் இருவரும் எங்கள் காரில் கடலோர இயற்கை இடங்களைப் பார்த்து வந்தோம். பார்த்து வந்தோம் என்பது தவறு, படம் பிடித்து வந்தோம். கணவர் தம் பயணங்களை வீடியோவாக இணையத்தில் போடுகிறவர். பார்ப்பவர்கள் பெரும்பாலும் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். முதலில் சதுப்பு நிலத்துக்குப் போனோம். அங்கே கொக்கைக் காட்டி நாரை என்று விளக்கம் கொடுத்தார். நான் திருத்தியதற்கு, "பாக்கறவனுக்கு என்ன தெரியப்போகுது" என்றார். அதன் பிறகு அலையாத்திக் காட்டுக்குப் போனோம். எல்லா இடத்திலும் நான் கேமராவுக்கு முதுகைக் காட்டித் தூரமாக நடந்துபோக வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. என் முகம் வந்தால் இயற்கை அழகு கெட்டுவிடும் என்பது அவர் கருத்து. சேற்றில் நண்டு கடித்து நான் திரும்பிவிட்டதால், காட்சி வீணானது என்று மதியம் முழுக்க என்னோடு பேசவில்லை. அந்த மதியம் நிம்மதியாகப் போனது.

அதன் பிறகு சம்பவ இடத்துக்கு வந்தோம். தண்ணீர் வற்றியிருக்கும்போது கரையிலிருந்து அந்தப் பாறைக்கு மணலில் நடந்தே போகலாம், தண்ணீர் ஏறினால் வழி மூழ்கிவிடும் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கணவர் அந்தப் பலகையைப் படம் பிடித்தார், படிக்கவில்லை. பாறைமேல் ஏறி நின்றுகொண்டு என்னைக் கரை நோக்கி நடக்கச் சொன்னார். நடந்தேன். பாதி வழியில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அவர் பின்னாலிருந்து கத்தினார். எப்போதும் கத்துகிறவர் என்பதால் நடந்துகொண்டே இருந்தேன். கரையேறிய பிறகு திரும்பினேன். மணல் வழி முழுதும் மூழ்கியிருந்தது. அவர் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது.

அதன் பிறகு பக்கத்துப் படகுத்துறைக்கு ஓடி, வலை பிரித்துக்கொண்டிருந்த படகுக்காரரிடம் சொன்னேன். அவர், "உங்க வீட்டுக்காரராம்மா?" என்று கேட்டார். "இல்ல, யாரோ" என்றேன். அவர் உடனே படகை எடுத்தார். கணவர் படகில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே நான் பேருந்து ஏறினேன். கரைக்கு வந்ததும், மீட்டது பதிவாகவில்லை, இன்னொரு தடவை பாறைக்குப் போய்வரலாம் என்று கணவர் கூப்பிட்டாராம். படகுக்காரர் இங்கே காவல் நிலையத்துக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு ஆச்சரியமாக இல்லை.

கொல்லும் எண்ணம் இருந்ததா என்று கேட்கப்பட்டது. இல்லை. இருந்தால் படகுத்துறைக்கு ஓடியிருக்க மாட்டேன். அப்படியானால் கட்டிய கணவரை யாரோ என்று ஏன் சொன்னீர்கள் என்று கேட்கப்பட்டது. கணவர் என்று சொல்லியிருந்தால் என்னையும் படகில் ஏறச் சொல்லியிருப்பார்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, மாற்ற ஒன்றும் இல்லை.

(கையொப்பம்)