பனி விழுந்தா மான் எட்டும்

—அந்தப் பள்ளத்துல அளவுகோலை ஊனாதீங்க, மிஸ்டர் கெடஸ். மரம் தனக்கு இல்லாத உயரத்தையெல்லாம் காட்டும்.

—காட்டினா உங்களுக்கு நல்லதுதானே, மிசஸ் மக்ரே?

—நல்லதா? மரம் வளர்ந்துடுச்சுன்னு வனநிதி ஆபீஸ்ல நீங்க எழுதிட்டா பணம் நின்னுடும், நாங்க தொலைஞ்சோம். இத்தனை வருஷமா இந்த மலைக்கு வந்து போறீங்க, இது கூடவா தெரியாது? அப்புறம், இஷ்பெல்னே கூப்பிடுங்க. மிசஸ் மக்ரேன்னா மாமியார் வந்துட்டாங்களோன்னு திரும்பிப் பாக்கறேன்.

—சரி, இஷ்பெல். இந்த பிர்ச் மரம் என் தலையைத் தாண்டிடுச்சு. மான் வாய்க்கு எட்டாது. எங்க விதிப்படி இது பிழைச்ச காடு.

—பனி விழுந்தா?

—விழுந்தா?

—போன ஜனவரியில இங்க இடுப்பளவு பனி. அது இறுகினதும் மானெல்லாம் மேல ஏறி நின்னு, மேஜை போட்டுச் சாப்பிடற மாதிரி நுனியைத் தின்னுச்சு. எங்க வேலையாள் டூகல் துப்பாக்கியோட போனதாலதான் இவ்வளவாவது மிச்சம். மான் தரையிலதான் நிக்கும்னு உங்க விதியை எழுதினவருக்கு யார் சொன்னது?

—குறிச்சுக்கறேன்.

—எங்க குறிக்கறீங்க? காலையிலேர்ந்து பேனாவையே வெளிய எடுக்கல.

—மழையில மை கரைஞ்சிடும். அது சரி, டூகல் தங்கற குடிசை ஒழுகுதா?

—அதானே பாத்தேன்! நிதியில கட்டின குடிசை எந்த லட்சணத்துல இருக்குன்னு நோட்டம் விடறீங்க. ஒழுகல. டூகலே தகரம் அடிச்சான்.

—அவனைக் காணோமே?

—திங்கட்கிழமை போயிட்டான். சால்மன் மீன் பண்ணையில வேலை. அவன் பெண்டாட்டிக்கு ரெண்டாவது பிரசவம் வருது. 'நிதி நீடிக்குமா'ன்னு கேட்டான். தெரியாதுன்னேன். பொய் சொல்லி நிறுத்த மனசு வரல.

—ஆக, இப்ப இந்தப் பள்ளத்தாக்குல மான் சுட ஆளே இல்லை.

—கேக்குதா அந்தக் கலைமானோட உறுமல்? நேத்து அது முகட்டுல இருந்துச்சு. இன்னிக்குப் பாதி மலை இறங்கிடுச்சு. துப்பாக்கிச் சத்தம் நின்னது ஊருக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிருக்கு.

—உங்க கழுத்துப்பட்டை மாடுங்க எப்படி? புது முயற்சின்னு எங்க குழுவுல ஒரே பாராட்டு.

—கன்னுங்க பக்கம் போனா பட்டை பீப்னு கத்தும், மாடு திரும்பிடுது. தங்கமான மாடு. மானுக்கு யாரு சார் பட்டை கட்டறது? கேளுங்க, மொத்தத்தையும் சொல்றேன். 'புதுசா ஏதாவது பண்ணுங்க, பணம் தர்றோம்'னீங்க. டிரோன்ல விதை தூவினோம். குருவிங்க குடும்பத்தோட வந்து விருந்து சாப்பிட்டுப் போச்சு. அடுத்து ஓநாய் ஊளையை ஒலிபெருக்கியில போட்டோம்.

—அதுக்கு சிபாரிசு பண்ணினது நான்தான்.

—வாழ்க! கொஞ்ச நாள் மான் பயந்துச்சு. ஊர் நாயெல்லாம் இன்னும் பயப்படுது. அப்புறம் பாத்தா ஒரு கலைமான் அந்தக் கம்பத்துலயே கொம்பு தேய்ச்சுக்கிட்டு நிக்குது.

—நீங்க அனுப்பின ஃபோட்டோ ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கு.

—சிரிங்க, சிரிங்க. கடைசியில பலிச்சது எது? ஒரு ஆளு, ஒரு துப்பாக்கி, விடியற நேரத்துல மலை. அதுல புதுமை இல்லையாம், நிதி கிடையாதாம். மாட்டைப் பாத்துக்கற ஆள்னு சொல்லித்தான் டூகலுக்குச் சம்பளமே குடுத்தோம். போங்க, போய் அதையும் எழுதுங்க.

—தெரியும்.

—தெரியுமா?

—மாடு மேய்க்கறவனுக்கு எதுக்கு தொலைநோக்கின்னு நான் ஏன் கேக்கலைன்னு நினைச்சீங்க? ...இங்க பாருங்க, இந்த ரோவன் மரக்கன்னை. மான் கடிச்சிருக்கு. புதுக்கடி.

—முயலா இருக்கும்.

—முயல் கத்தி வெச்ச மாதிரி சாய்வா வெட்டும். மானுக்கு மேல முன்பல் கிடையாது, பிடிச்சுக் கிழிக்கும். பிசிறைத் தொட்டுப் பாருங்க.

—ஆபீஸ்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

—அப்பா வடக்கே ஒரு எஸ்டேட்ல மான் சுடறவர். ஆபீஸ் கோட்டு மாட்டற வரைக்கும் நானும் அவர் பின்னாடியேதான் மலையில கிடந்தேன். ...அந்தக் குடிசையிலேர்ந்து கடைக்கு நடந்து போக முடியுமா?

—மழை இல்லாத நாள்ல முடியும். அப்படி ஒரு நாள் இங்க வந்ததில்லை. ஏன், அதுவும் விதியில இருக்கா?

—அடுப்பு எரியுதா?

—அடுப்பு எரியும். குழாய்தான் துருப்பிடிச்சு ஓட்டை. புகை உள்ளயே சுத்தும். போன தடவை வந்தப்பவே சொன்னேன். 'குறிச்சுக்கறேன்'னு சொல்லிட்டுப் போனீங்க. போதும், இறங்குவோம், முட்டி வலிக்குது. நேரா சொல்லுங்க மிஸ்டர் கெடஸ், என்ன எழுதப் போறீங்க?

—நான் எழுத ஒண்ணுமில்லை. குழு முடிவு பண்ணிடுச்சு. 'காடு பிழைத்தது, உதவி நிறைவு.' தபால் வந்துட்டிருக்கு.

—...அப்ப எதுக்கு இந்தக் கோலு? எதுக்கு என்னை மழையில மலையேத்தினீங்க?

—கோல் பழக்கதோஷம். எனக்கும் வெள்ளிக்கிழமை கேக் வெட்டி வழியனுப்பிட்டாங்க. ஓய்வு.

—ஓ. அதான் சாவு வீட்டைப் பாத்துட்டுப் போக வந்தீங்களாக்கும்.

—கோபப்படுங்க. நியாயம்தான்.

—கோபமெல்லாம் எப்பவோ தீந்துபோச்சு, மிஸ்டர் கெடஸ். அலுப்புதான் மிச்சம். செஞ்சதையே இன்னும் கொஞ்ச வருஷம் செய்யணும், அவ்வளவுதான் நான் கேட்டது. அதுக்கு ஒவ்வொரு தடவையும் புதுப் பேர் கண்டுபிடிக்க இனிமே என்கிட்ட தெம்பு இல்லை. வேட்டை சீசன் வந்தா இந்த ஊர்ல ஒவ்வொரு வாசல்லயும் ஒரு மான் தொடை தொங்கும். முதல் தொடை தனியா இருக்கறவங்களுக்கு. மிசஸ் கில்லிஸ் வீட்டு ஆணி காலியா இருக்கு. தினமும் கதவைத் திறந்து பாக்கறாங்க. எதுவும் கேக்கறதில்லை.

—சம்பளம் வேண்டாம்னு ஒரு ஆள் வந்தா?

—இந்த மழைக்கா? அந்தப் புகைக்கா? பைத்தியக்காரன்தான் வருவான்.

—குறிச்சுக்கறேன்.

—இன்னும் அதையே சொல்றீங்களே! சரி, உங்க வண்டிகிட்ட வந்துட்டோம். கிளம்புங்க, இருட்டறதுக்குள்ள போயிடலாம்.

—டிக்கியைத் திறங்க, இஷ்பெல். பூட்டின நீளப்பெட்டி அப்பாவோட துப்பாக்கி. லைசென்ஸ் என் பேர்லதான், அதை நான் எடுத்துக்கறேன். நீங்க குடிசைக்கு வாங்கின அந்தப் புது அடுப்புக்குழாயை மட்டும் ஒரு கை பிடிங்க.