கலங்கலாவே இருக்கட்டும்

— கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாமா. மூச்சு என் கழுத்துல படுது. இந்த வட்டத்தையே முறைச்சுப் பார்த்தா அது பயந்து நின்னுடுமா?

— ரெண்டு வாரமா கலங்கலாவாவது வந்துச்சு மாப்பிள்ளை. மூஞ்சியில மாவு பூசின மாதிரி. இன்னைக்கு அதுவும் இல்ல. சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு.

— சிம்பிள் மேட்டர். கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போட்டுப் பார்த்தீங்களா?

— பார்த்தேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். தட்டிக் கூடப் பார்த்தேன்.

— தட்டினா இது என்ன பழைய ரேடியோவா. இருங்க, வேற ஒரு படத்தைப் போடுறேன். ஏதாவது சமையல், கிரிக்கெட்... இந்தா, இதுவும் நிக்குது. அப்போ அனுப்புறவங்க பக்கம் கோளாறு இல்ல. நம்ம வீட்டுக்குள்ளதான்.

— நம்ம வீட்டுக்குள்ளயா.

— எதுக்கு தம்பி இந்தப் பாடு? ஞாயித்துக்கிழமை கடையை மூடிட்டு வீட்டுல படுத்திருக்க வேண்டியவன் நீ. பழைய பெட்டி அது, ஆயுசு முடிஞ்சிருக்கும். விட்டுட்டுப் போ.

— நீ உள்ள போ.

— எனக்கென்ன தெரியும். பையன் பாவம்னு சொன்னேன்.

— இருக்கட்டும் அத்தை, உங்க வீட்டுக்கு வந்தா எனக்கு அது வேலையே இல்ல. ஆமா, அப்படி என்ன மாமா அவசரம்? காலையிலேயே ஆள் அனுப்பி எழுப்பிட்டீங்க.

— சின்னவ.

— யாரு, நம்ம சின்னவளா?

— கணக்குச் சொல்லிக் குடுக்கிறா. ஞாயித்துக்கிழமை காலையில, ஸ்கூல் பிள்ளைங்களுக்கு. பேரை மாத்தி வச்சிருக்கா. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துட்டு இருந்துச்சு. குரலைக் கேட்டுட்டு ரோட்டுலயே நின்னுட்டேன்.

— மாமா, இதைச் சொல்லாம வட்டம் சுத்துது, மாவு பூசுதுன்னு சொல்லிட்டு இருக்கீங்க. அவ போய் ஒரு வருஷம் இருக்குமே.

— மருமக பொணத்தை எடுத்த மறுநாள் போனா.

— அப்படி ஒரு அடி விழுந்த வீடு. மாடிப்படியில கால் தவறி விழுந்து செத்த பொண்ணுக்காக, கட்டின புருஷனைப் பிடிச்சு உள்ள வச்சாங்க. பெரிய மச்சான் ஜாமீன்ல வர்றதுக்குள்ள ஆளே பாதியாயிட்டாரு. அந்த நேரம் பார்த்து இவளும் ஒரு வார்த்தை சொல்லாம...

— அதைப் பேசாதே.

— சரி, பேசல. வகுப்பு ஆரம்பிச்சிருக்குமா?

— ஆரம்பிச்சிருக்கும். நடக்கும்போதே பார்த்தாத்தான் உண்டு. முடிஞ்சதும் அழிச்சிடுறா.

— அப்போ சீக்கிரம் பார்ப்போம். பின்னால ஏதாவது இறங்கிட்டு இருக்கா... இல்ல. தேவையில்லாத ஜன்னல் எதுவும் திறந்து கிடக்கா... இல்ல. குப்பையெல்லாம் துடைச்சிட்டேன். வேகத்தை அளக்கிறேன், இருங்க. அடக் கடவுளே. நத்தை இதை முந்திட்டுப் போயிடும் மாமா. ஆனா என் போனைப் பாருங்க, உங்க வீட்டு இணைப்புதான், பறக்குது. வேணும்னா இதுலயே சின்னவளைப் போட்டுக் காட்டவா?

— இவ்வளவு சின்னதுல எனக்கு ஒண்ணும் தெரியாது. பெருசா வேணும். தெளிவா வேணும்.

— புரியுது மாமா. ஒரு வருஷம் கழிச்சுப் பார்க்கிறீங்க, உள்ளங்கை அளவுல காட்டினா எப்படி. அப்போ வயர்தான். மாடியில இருந்து இந்தப் பெட்டிக்கு வர்ற வயர் எந்தப் பக்கமா வருது?

— பீரோவுக்குப் பின்னால.

— பீரோவை நகர்த்தாதே தம்பி. கால் ஆடுது. கண்ணாடி விழுந்தா உன் மேலதான் விழும்.

— ஒரு சாண் நகர்த்தினா போதும் அத்தை. மாமா, அந்தப் பக்கம் பிடிங்க. ம்... போதும். கை போகுது. இந்தா பிடிச்சிட்டேன். பாருங்க மாமா, எப்படி நசுங்கிக் கிடக்குன்னு. உள்ள இருக்கிற கம்பியில ஒண்ணு ரெண்டுதான் உயிரோட இருக்கு. அதான் சொட்டுச் சொட்டா வருது.

— எலியா?

— எலின்னா பல்லு பட்டு உரிஞ்சிருக்கும். இது உரியல.

— கூட்டும்போது பீரோ கால் ஏறியிருக்கும்.

— கால் ஏறினா பட்டையாத்தானே அத்தை நசுங்கும்? இது கோடு கோடா இருக்கு. யாரோ இடுக்கியை வச்சு...

— யாரோன்னா? வீட்டுல இருக்கிறதே மூணு பேரு. பெரியவன் இந்த ரூமுக்கு வர்றதே இல்ல.

— இல்ல மாமா, இப்போ வெளிச்சத்துல பார்த்தா பீரோ கால் மாதிரிதான் இருக்கு. பழைய வயர் வேற. அதை விடுங்க, பையில புதுசு இருக்கு. இந்த முனையைக் கொண்டுபோய் மாடியில ரவுட்டர்ல சொருகணும். பழசைப் பிடுங்கிட்டு அதே ஓட்டையில. பச்சை விளக்கு எரிஞ்சா மேல இருந்தே குரல் குடுங்க. நான் இங்க முடிச்சிடுறேன்.

— நான் போகணுமா?

— நீங்க போனா நான் அதுக்குள்ள இங்க பார்த்துடுவேன். வகுப்பு முடிஞ்சிடப் போகுது மாமா.

— ம். சரி. குடு.

— மெதுவா ஏறுங்க.

— தம்பி...

— போயிட்டாரு. இப்போ சொல்லுங்க அத்தை. இடுக்கியை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?

— மெதுவாப் பேசு. அவருக்குப் பாம்புக் காது.

— கலங்கலா வந்ததும் உங்க வேலைதானா? படத்தோட தரத்தைக் கடைசிப் படிக்கு இறக்கி வச்சிருக்கு. தானா இறங்கினது தானா ஏறிடும். யாராவது பிடிச்சு இறக்கினாத்தான் அங்கேயே கிடக்கும்.

— பல்சக்கரம் மாதிரி ஒண்ணு இருந்துச்சு. எனக்கென்ன தெரியும், தொட்டுப் பார்த்தேன். படம் கலங்கிச்சு. மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்படியே விட்டுட்டேன். ஆனா இவரு கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் போட்டுக்கிட்டு திரையில மூக்கு இடிக்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தாரு. அதான் இன்னைக்கு விடிகாலையில வயரையும் நசுக்கினேன்.

— என்ன அத்தை நீங்க.

— கலங்கலாவே இருக்கட்டும் தம்பி. சரி பண்ண முடியல, பெட்டி போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடு. உன் கால்ல வேணாலும் விழறேன்.

— ஐயோ, எழுந்திருங்க. முதல்ல எழுந்திருங்க. அவ மேல அவ்வளவு கோவமா உங்களுக்கு?

— கோவமா? ஞாயித்துக்கிழமை ஆனா நான் பக்கத்து வீட்டுச் சுவர்ல காதை வச்சு அவ குரலைக் கேட்டுட்டு வர்றேன். படம் தெளிஞ்சா அவ இருக்கிற இடம் தெரிஞ்சிடும். அதான்.

— தெரியட்டுமே. போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வரட்டும்.

— கூட்டிட்டு வரமாட்டாரு.

— வருவாரு அத்தை. கேளுங்க. எங்க அக்கா வீட்டை விட்டு ஓடிப்போனதும் எங்க அப்பா அவ போட்டோவையெல்லாம் கழட்டி எரிச்சாரு. அவ பேரை எடுத்தா சோத்துத் தட்டு பறக்கும். கடைசியில ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிட்டு இருக்கும்போது, வாசல்ல யாரு செருப்பு சத்தம் கேட்டாலும் அவளான்னு கேட்டாரு. நான் பக்கத்துல உட்கார்ந்து இல்லப்பா, இல்லப்பான்னு சொல்லிட்டு இருந்தேன். இன்னொரு தகப்பனுக்கு அந்தக் கதி வர நான் விடமாட்டேன்.

— உங்க அப்பா வேற. இவரு வேற.

— பெத்த மனசு எல்லாம் ஒண்ணுதான்.

— ஐயோ, உனக்கு எப்படிச் சொல்லுவேன். நீ அவரு ஆளு. சொன்னா நாளைக்கே பெரியவன் காதுக்குப் போயிடும். தம்பி, அன்னைக்கு மாடிப்படியில மருமகளும் பெரியவனும் மட்டும் இல்ல, சின்னவளும் மேல நின்னு பார்த்துட்டு...

— மாப்பிள்ளை, பச்சை எரியுது. ரெண்டு விளக்கு.

— சூப்பர் மாமா, இறங்கி வாங்க. அத்தை, இடுக்கி விஷயம் என் வாயில இருந்து வராது. சத்தியமா. ஆனா நீங்க கேட்கிறதை மட்டும் என்னால செய்ய முடியாது. பொண்ணு முகத்தைத் தகப்பனுக்கு மறைச்ச பாவம் எனக்கு வேணாம். கண்ணைத் துடைங்க, வர்றாரு.

— உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

— என்ன கும்பிடு போடுறா இவ?

— ஒண்ணும் இல்ல மாமா. பொண்ணு முகத்தைப் பார்க்கப் போறோம்னு அத்தைக்குப் படபடப்பு. உட்காருங்க. நாற்காலியை நடுவுல போட்டு உட்காருங்க. இப்போ பாருங்க... வட்டம் போச்சு. ஓடுது. இது இன்னும் கடைசிப் படியில இருக்கு, ஒவ்வொண்ணா ஏத்துறேன். கலங்கல் குறையுது பாருங்க. இன்னும் ஒண்ணு. இன்னும் ஒண்ணு. முழுத் திரை. இந்தா மாமா, உங்க பொண்ணு.

— எல்லாரும் மூணாவது கணக்கைப் போட்டாச்சா? விடை தப்பா வந்தா அழிக்காதீங்க கண்ணுங்களா. எங்க தப்பு வந்துச்சுன்னு பார்க்கணும்ல? அப்படியே வச்சுக்கிட்டு என்கிட்ட காட்டுங்க.

— அதே குரல் மாமா. சின்ன வயசுல எனக்கும் இப்படித்தான் மிரட்டிச் சொல்லிக் குடுப்பா.

— இளைச்சுட்டா. கழுத்தெலும்பு தெரியுது.

— அழுங்க அத்தை, தப்பில்ல. மாமா, நீங்களும் ஏதாவது பேசுங்க. கீழ எழுதினா அவளுக்குப் போகும். அப்பா பார்த்துட்டு இருக்கேன்னு எழுதவா?

— ஒண்ணும் எழுதாதே. மாப்பிள்ளை, இதைப் பின்னால தள்ள முடியுமா?

— நேரலைதான். ஆனா கொஞ்ச தூரம் பின்னால போகலாம். ஆரம்பத்துல இருந்து பார்க்கணுமா?

— வேணாம். இப்போ மின்விசிறிக் காத்துல திரை விலகிச்சே, அந்த இடம்.

— எந்தத் திரை மாமா?

— அவளுக்குப் பின்னால ஜன்னல்ல தொங்குதே. அது ஒவ்வொரு வாரமும் விலகுது. கலங்கல்ல ஒண்ணும் புரியல. தள்ளு. இன்னும். இன்னும் கொஞ்சம். நிறுத்து.

— மாமா, அவ கண்ணை மூடியிருக்கிற இடத்துல நிக்குது. முகம் நல்லா வர்ற மாதிரி வேற இடம்...

— முகத்தை விடு. ஜன்னலைப் பெருசு பண்ணு.

— தம்பி, வேணாம்.

— ஜன்னல்ல என்ன மாமா இருக்கு? எதிர்க் கட்டடம்தானே தெரியுது.

— கட்டடத்துல ஒரு போர்டு இருக்கு. பெருசு பண்ணு. ம். படி.

— ஏதோ பல் டாக்டர் போர்டு மாதிரி இருக்கு.

— டாக்டர் யாரா வேணா இருந்துட்டுப் போகட்டும். கீழ சின்னதா தெருப் பேரும் ஊர்ப் பேரும் இருக்கு பாரு. அதைப் படி.

— எதுக்கு மாமா?

— படிக்காதே தம்பி. உன் அக்கா மேல ஆணை.

— மாமா, அத்தை எதுக்கு இப்படி ஆணை போடுறாங்க? பார்க்கணும்னுதானே கேட்டீங்க. பார்த்தாச்சு. மூடிடவா?

— கையை எடு. நீ படிக்க வேணாம். இவ்வளவு தெளிவுல எனக்கே தெரியுது.

— அத்தை, வயரைப் பிடுங்காதீங்க. அத்தை.

— பிடுங்கட்டும் விடு. நான் படிச்சாச்சு. அந்த போனை இங்க குடு... பெரியவனே, நான்தான். கோர்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கு, அதுக்குள்ள முடிச்சிடலாம். வண்டியை எடுத்துட்டு வாசலுக்கு வா. சாட்சி இருக்கிற இடம் தெரிஞ்சு போச்சு.