வாரம் ஒரு கேள்வி

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, கபீர். காரைக்காலில் பிறந்து வளர்ந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். தலத்தெருவிலிருந்து கடற்கரை சைக்கிள் மிதித்துப் போகிற தூரம்தான். ஆனாலும் அந்தக் கவிச்சியும் ஈர மணலும் எனக்கு ஆகாது. அதனால்தான் உங்களிடம் மாட்டிக்கொண்டேன். அடிக்கடி அந்தப் பக்கம் போய் வந்திருந்தால், கருக்களாச்சேரியில் அன்பழகன் அண்ணனின் பழைய வீட்டு வாசலில் பெரிய வேப்பமரம் எதுவும் இருந்ததில்லை என்பது எனக்கும் தெரிந்திருக்கும்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. நான் வேலை பார்த்த கம்பெனியின் ‘கடலோட்டம்’ கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு நாலைந்து மாதத்துக்கு முன்பு ஒரு புதுக் கரையை விட்டோம். காசு கட்டி இறக்கிக்கொள்ள வேண்டிய இணைப்பு. அதில் ஒரு மீனவ ஊர், ஒரு வீட்டு வாசலில் வேப்பமரம். அந்த மரம் எங்கிருந்து வந்தது என்கிறீர்கள். மகள் நந்தினி பிறந்தபோது அண்ணன் நட்ட கன்று அது, இடுப்பளவு வளர்ந்திருந்தபோது சுனாமி கொண்டுபோய்விட்டது, அவர் செய்த ஊரில் மட்டும்தான் அது மரமானது என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். இந்த விவரம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால் மரத்தை எடுத்திருப்பேன்.

அண்ணன் பாலிடெக்னிக்கில் எனக்கு இரண்டு வருடம் மூத்தவர். படகு எஞ்சின் பழுது பார்ப்பது அவர் பிழைப்பு. எங்கள் விளையாட்டைப் பிரித்துப் போட்டு நாகூர்க் கரை, தரங்கம்பாடிக் கரை என்று அவராகவே செய்து, விளையாடுகிறவர்களே மாற்றிச் செய்ததைப் பகிர்ந்துகொள்ளும் உங்கள் மோட் தளத்தில் இலவசமாகப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சென்னையில் சம்பளம் வாங்கிக்கொண்டு அதே வேலையைச் செய்தேன். ஆறு மாதம் உழைத்து நான் செய்த கரையைப் பார்த்துவிட்டு எங்கள் முதலாளி, ஓசியில் கிடைப்பது இதைவிட நன்றாக இருக்கிறதே என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது. ஒருவர் சும்மா கொடுத்துக்கொண்டே இருந்தால் மற்றவன் எதை விற்பான் என்று நீங்கள் யாராவது யோசித்தீர்களா?

கருக்களாச்சேரியை மட்டும் அவர் வெளியே விடவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். உங்களுக்குக் காட்டியிருக்கிறார், எனக்கும் காட்டினார். அலை வருவதற்கு முன்பிருந்த ஊர். பிள்ளையோடு வீடும் போனதில் அவளுடைய ஒரு போட்டோகூட மிஞ்சவில்லை. அதனால் அவரும் தமிழரசி அண்ணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நினைவிலிருந்தே அந்த முகத்தைச் செய்திருந்தார்கள். இரண்டு வருடம் ஆனதாம். அண்ணிக்கு அந்த விளையாட்டில் ஒன்றே ஒன்றுதான் தெரியும், படகைக் கரைக்கு ஓட்டி வருவது. மீன் விற்றுவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டு உட்காருவார். படகு கரை தட்டியதும் பிள்ளை வீட்டிலிருந்து ஓடிவந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கும். குரல் கிடையாது. வேறொரு பிள்ளையின் குரலை வைக்க அவர்களுக்கு மனசு வரவில்லை.

முறையாகத்தான் முதலில் கேட்டேன். கம்பெனிக்குக் கொடுத்துவிடுங்கள், உங்கள் பெயரையும் போடச் சொல்கிறேன் என்றேன். அண்ணன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சொன்னார்.

“நாகூர எடுத்துக்க, தரங்கம்பாடிய எடுத்துக்க. இது எம்புள்ள நிக்கிற எடம், செல்வா. இத விக்க முடியாது.”

அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. ஆகவே கேட்கவில்லை.

மறு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவர் எஞ்சின் வேலையாகத் திருவேட்டக்குடி போயிருந்த சமயம், சுனாமிக் குடியிருப்பில் அவர்களுக்குக் கிடைத்த வீட்டுக்குப் போனேன். விளையாட்டுக்குப் புது அப்டேட் வந்திருக்கிறது, நானே போட்டுத் தருகிறேன் என்றேன். அண்ணி சாப்பிடச் சொன்னார், சாப்பிட்டேன். உப்புக்காற்று படாமல் அரிசி டின்னுக்குள் ஒரு சி.டி. வைத்திருந்தார்கள். இருந்த ஒரே நகல் அதுதான். பழசாகிவிட்டது, புதிதாகப் பதிந்து தருகிறேன் என்று அதையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அப்டேட்டை ஓடவிடும்போது அண்ணி பின்னால் வந்து நின்றார்.

“தம்பி, புள்ள அப்புடியே இருக்கும்ல?”

“இருக்கும் அண்ணி. இன்னும் தெளிவாத் தெரியும்.”

நாங்கள் செய்யாத கோப்பு எதுவாக இருந்தாலும் அழித்துவிடும் அப்டேட் அது. நான்தான் எழுதியிருந்தேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவரிடம் மூலம் இருக்கும்வரை, எங்கள் கரை அவருடையது என்று யார் வேண்டுமானாலும் நிரூபிக்கலாம் அல்லவா? வேலை என்று வந்துவிட்டால் அதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டும்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். குரல் அவர் குரலாகவே இல்லை. நான் பதறாமல் பேசினேன். நான் கிளம்பும்போது எல்லாம் சரியாக இருந்ததே, அண்ணி ஏதாவது தெரியாமல் அமுக்கினார்களா என்று கேட்டேன். அந்த சி.டி.யிலும் ஒன்றும் இல்லை, பூஞ்சை பூத்துப் போயிருக்கிறது என்றேன். அப்புறம் அவர் போனை வைக்காமலே அண்ணியிடம் கேட்டதும், அண்ணி அழுததும் காதில் விழுந்தது. தான்தான் அழித்துவிட்டோம் என்று அண்ணி இன்றைக்கும் நம்புகிறார். அது எனக்கு வருத்தம்தான். இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஊரை அப்படியே எடுத்துக்கொண்டோம். பிள்ளையை மட்டும் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். விளையாடுகிறவர்களுக்கு அது யாரென்று தெரியாது, பார்த்தால் ஒரு மாதிரி இருக்கிறது என்றார். பிள்ளை நின்ற இடத்தில், அடுத்த கரையை வாங்க இங்கே அமுக்கவும் என்று ஒரு பலகை நட்டோம்.

அண்ணன் மறுபடி செய்து பார்த்தார். வரவில்லை. முதல் தடவை செய்தபோது முகம் கண்ணுக்குள்ளேயே இருந்தது. இப்போது அவர் ஒன்று சொல்கிறார், அண்ணி ஒன்று சொல்கிறார். சண்டை வருகிறது என்று விட்டுவிட்டார்கள். அலை வந்து நான்கு வருடத்தில் பெற்ற பிள்ளையின் முகம் மறக்குமா என்று நீங்கள் கேட்கலாம். மறக்கிறது, கபீர். நான் பார்த்தேன்.

வேலையை விட்டு நான் ஊருக்கு வந்த பிறகு, ஒரு நாள் மீன் கூடையோடு அண்ணி இந்தத் தெருவுக்கு வந்தார். அம்மா மீன் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நீங்க கடைசியா பாத்தீங்கல்ல தம்பி. அவளுக்குப் புருவம் சேந்திருந்துச்சா, பிரிஞ்சிருந்துச்சா? எனக்குத் தெரியல.”

சேர்ந்துதான் இருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். அந்த சி.டி. பூத்துப் போகவில்லை. அதோ, அந்த பீரோவில்தான் இருக்கிறது. அதிலுள்ள கோப்புகளின் தேதி ஒன்றே போதும், என்னைப் பிடிக்க. உடைத்துப் போட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. சேர்ந்திருந்தது அண்ணி என்று சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தச் சுவரோரம் வெகுநேரம் நின்றார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் வருகிறார். ஒரு தடவை காது. ஒரு தடவை முன்பல். போன வாரம், கண்ணுக்கு மேல் வலது கையை வைத்துப் பார்ப்பாளா இடது கையா என்று கேட்டார். காலையிலேயே சி.டி.யைப் போட்டு எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்கிறேன், எதையும் தப்பாகச் சொன்னதில்லை. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் சொல்வதில்லை, அவரால் தாங்க முடியாது. இதற்கெல்லாம் நான் ஒரு காசு வாங்கினதில்லை.

நீங்கள் சி.டி.யை அவர்கள் கையில் கொடுக்கச் சொல்கிறீர்கள். பீரோச் சாவி என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. கொடுக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கு வெள்ளிக்கிழமை. அண்ணி வருவார். கன்னத்தில் குழி விழுமா என்று கேட்பார் என்று நினைக்கிறேன், நான் பார்த்து வைத்துவிட்டேன். அது கையில் கிடைத்துவிட்டால் அவர் எதற்கு இங்கே வரப்போகிறார்? என்னை விட்டால் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.