பிப்ரவரித் தாளில் இருந்த கவிதை

சிவகாசியிலிருந்து சாத்தூர் செல்லும் மாலை ஆறு பத்துப் பேருந்தில், என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். அச்சகத்தில் மாதக் காலண்டருக்குத் தாள் அடுக்குகிறவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. இளையவள் சொன்னாள்:

“பிப்ரவரித் தாள்ல ஒரு கவிதைக்கா. அது ஒண்ணையே காலைலருந்து ஆயிரம் தடவ வாசிச்சிட்டேன்.”

“அப்படி என்னடி எழுதிருக்கு?”

“விட்டுட்டுப் போனவ நெனப்பு ஒண்ணே போதும், அதை வச்சே காலத்தை ஓட்டிருவேன்னு ஒரு ஆளு எழுதிருக்காரு.”

“ஒன்னக் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டுக் கோயம்புத்தூர்ல போயி வேற கல்யாணம் முடிச்சானே, அவன் நெனப்பு ஒனக்கு வந்திருக்குமே.”

“வந்துச்சு. மொதக் கட்டு அடுக்கையில அழுதுட்டேன். தாளு நனையுதுன்னு சூப்பர்வைசர் ஏசினாரு.”

“பெறகு?”

“மத்தியானத்துக்கு மேல வாசிக்க வாசிக்கக் கோவந்தான் வந்துச்சு. அவருக்குப் போதும்னா இருக்கட்டும். எனக்குப் போதாதுக்கா.”

“அவன நெனச்சுத்தான வந்த ரெண்டு மாப்பிள்ளையையும் வேண்டாம்ன?”

அவள் கைப்பேசியில் வீட்டை அழைத்தாள்.

“அம்மா, பொண்ணு பாக்க வரணும்னு கேட்டாகளே, அந்த ஆலங்குளத்து மாப்பிள்ளை வீட்டுக்காரகள ஞாயித்துக்கெளம வரச் சொல்லு. அவுக மட்டும் கேக்க மாட்டாக, நானும் நாலு கேள்வி கேப்பேன். அதையும் இப்பமே சொல்லிரு.”