மிட்டாய்க்கும் ஊசி

முயலு கடிக்காதுக்கா, பயப்படாம தொட்டுப் பாருங்க. கழுத்துக்குப் பின்னாடி, தோலு தொளதொளன்னு கீது பாருங்க, அங்க. கெடச்சுதா? கோலிகுண்டு கணக்கா ஒன்னு. அதுக்குக் கீழ இன்னொன்னு. இடுப்பாண்ட சின்னதா கீதே, அது இந்த வாரம் வந்தது. ஊசி குத்திக் குத்தித்தான்.

உங்க நாய்க்கு இன்னா, தடுப்பூசியா? வருஷத்துக்கு ஒன்னு. குடுத்து வெச்சது. இதுக்கு டெய்லி ரெண்டு. நான்தான் போடுறேன்.

அய்ய, கம்பவுண்டரெல்லாம் இல்லக்கா. ஏசி மெக்கானிக். பேரு கலீல், முடிச்சூர்ல வூடு. எங்காண்ட நாயி பாக்க ஆளு கீது, முயலு பாக்க இல்ல, அதான் தாம்பரம் தூக்கினு வரேன். இதுக்குத் தாடைல சீழ் கட்டிக்கினு, தின்னாம கெடந்துச்சு. இந்த டாக்டருதான் பதினஞ்சு நாள் ஊசி எழுதி, நீயே போட்டுக்கோன்னு சொல்லிக் குடுத்தாரு. டவல்ல சுத்தி மடில வெச்சி, தோல தூக்கிப் புட்ச்சி, அடில குத்தணும். எடம் மாத்தி மாத்திப் போடுன்னாரு. ஒரு ஜான் முயலு, எங்க மாத்துறது? கண்ண மூடினாக்கூட கை அதே எடத்துக்குத்தான் போவுது. குத்தினா கத்தாதுக்கா இது. அதான் பேஜாரு. கண்ணத் தொறந்துக்கினு நம்மளயே பாத்துக்கினு இருக்கும்.

கட்டி கரையுமோ கரையாதோ, தெரியல. எனக்கு அது இல்ல பயம். உள்ள போனதும் ஊசிய நிறுத்துன்னு சொல்லிடுவாரு. அதான் பயம்.

நிறுத்தினா நல்லதுதானேன்னு கேப்பீங்க. தெரியும்.

சீழா? அது ஆறி நாலு மாசம் ஆவுது. இப்ப போடுறது மருந்தே இல்லக்கா. மெடிக்கல்ல விப்பானே, ஊசி மருந்து கரைக்கிற தண்ணி, அது. டாக்டருக்குத் தெரியாது. இன்னிக்குச் சொல்லித்தான் ஆவணும்.

அப்பிடிப் பாக்காதீங்க. எனக்கு மட்டும் ஆசையா.

எனக்கு ஒரே பொண்ணு, தபஸ்ஸும், ஏழு வயசு. போன வருஷம் சக்கரன்னு சொல்லிட்டாங்க. ஆமாக்கா, இந்த வயசுலயும் வருதாம். மாத்திரைக்குக் கேக்காது, ஊசிதான், காலைல ஒன்னு, சாயங்காலம் ஒன்னு. ஊசியப் பாத்தா கட்டிலுக்கு அடில பூந்துக்குவா. எம் பொண்டாட்டி அக்தர் அவ காலப் புட்ச்சிப்பா, நான் குத்துவேன். அது ஒரு கொல மாதிரி நடக்கும். அவ அழுது ஓஞ்சப்பறம் நாங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்க மாட்டோம்.

இதுக்கு ஊசி ஆரம்பிச்சப்பதான், தானா வந்து பக்கத்துல ஒக்காந்தா. மொதல்ல மிட்டாய்க்குப் போடு, அப்பறம் எனக்குன்னா. மிட்டாய்ன்றது இதுதான். அவ திங்கக் கூடாதுன்னுட்டாங்கல்ல, அந்தப் பேர இதுக்கு வெச்சிக்கினா. பிஸ்மில்லா சொல்லி இதுக்கு ஒன்னு, அவளுக்கு ஒன்னு. அவளே சட்டையத் தூக்கி வவுத்தக் காட்டுவா. பதினஞ்சு நாள் வூட்ல ஒரு சத்தம் இல்ல. பதினாறாம் நாள் மறுபடியும் கட்டிலுக்கு அடில. நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க. தண்ணிய வாங்கினு வந்துட்டேன்.

நேத்து இது முதுகத் தடவிப் பாத்துட்டா. அத்தா, மிட்டாய்க்கு வலிக்குது, டாக்டர்கிட்ட சொல்லி ஊசிய நிறுத்திடுன்னா. சரிம்மான்னேன். காலைல ஸ்கூல் வேன்ல ஏறச்சொல்ல மூஞ்செல்லாம் சிரிப்பு. எனக்கு அப்பதான் ஒறைச்சுது. எப்பவோ ஒருநாள், அவள ஒக்கார வெக்கிறதுக்காக, உங்க ரெண்டு பேருக்கும் ஊசி ஒன்னாத்தான், நிறுத்தும்போதும் ஒன்னா நிறுத்திடலாம்னு சொல்லி வெச்சிருந்தேன். அத மறக்காம வெச்சிக்கினு கீறா. அவளுக்கு ஆயுசுக்கும் போடணும்னு நாங்க இன்னும் சொல்லல.

நம்ம நம்பர்தான் கூப்புட்றாங்க. அந்த டவல இப்டி குடுங்கக்கா. நாலேகாலுக்கு வேன் வரும். எறங்கினதுமே கேப்பா.