நாற்பதுக்குச் செய்த இறக்கை

— அந்தச் சாக்க இப்படிக் குடு, பெருமாளு. உடஞ்சதெல்லாம் அள்ளிப் போட்டுக்கறேன். வெந்நீர் அடுப்புல வெச்சிட்டா முடிஞ்சுது.

— இன்னாண்ணே, சர்ச்சுலேர்ந்து நேரா வர்றீங்களா? கோட்டு கூட கழட்டல. கோரமண்டல் சுரங்க லைன் வரைக்கும் இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க? மொதல்ல ஒக்காருங்க.

— ஒக்கார வரல. எங்க வீட்டுப் பொருளு ஒரு வாரமா உன் கட்டில்ல கெடக்குது. வர்றவன் போறவன் எல்லாம் பாத்து, கொர்னேலியஸ் மகன் விழவெச்ச பொம்ம ஏரோப்ளேன் இதுதான்னு சொல்லணுமா?

— யாரும் பாக்கல. உங்க கண்ணுல படக் கூடாதுன்னு உங்க மகன் சுந்தரராஜுதான் இங்க கொண்டாந்து வெச்சான்.

— என் கண்ணுல படவேண்டியது போன ஞாயித்துக்கெழமையே பட்டாச்சு. நந்திதுர்க் கிரவுண்டுல, விளையாட்டு விழாவுல, ஊரே பாக்க. மொத வரிசை நாற்காலில நானு, உன் அண்ணி லூயிசா, பாஸ்டரய்யா, மேனேஜர் பிள்ளைங்க ரெண்டு பேரு. எங்களுக்கு முன்னாடி பத்து கஜத்துல வந்து மண்ணுல குத்திச்சு. விளக்கெண்ணெ வாசனை இன்னும் கோட்டுல போகல.

— அந்த இன்ஜினுக்கு ஊத்தற எண்ணெய்ல விளக்கெண்ண கலக்கறது. தொவச்சாலும் போவாது. கோச்சுக்காதீங்கண்ணே, விழறதுக்கு முன்னாடி அது இன்னா பண்ணிச்சுன்னு பாத்தீங்களா? தலகீழா பறந்துச்சு. மூணு தபா வட்டம் போட்டுச்சு. பெங்களூர்லயே அப்படி வுடறவங்க நாலஞ்சு பேர்தான்.

— நாலாவது வட்டத்துல விழுந்துச்சே, அதச் சுத்தமா சொல்லு.

— அத்தத்தான் சொல்ல வர்றேன்.

— நீ சொல்ல ஒண்ணுமில்ல. முப்பத்தோரு வருசமா நான் சுரங்கத்துல ஆளுங்கள ஏத்தி எறக்கற வைண்டர் டிரைவர். கேஜுங்கற கூண்டுல முப்பது பேர் ஏறுறான், ரெண்டாயிரம் அடி கீழ எறக்கறேன், மறுபடி ஏத்தறேன். ஒருத்தன் முட்டி மடங்குனதில்ல.

— தெரியாதாண்ணே? உங்க ஷிப்டுல எறங்குனா மூக்குக்கண்ணாடி கூட நழுவாதுன்னு எங்க ஒர்க்ஷாப்புல பேசிக்குவாங்க.

— நான் ரிட்டயரானதும் அந்தச் சீட்டுக்கு யாருன்னு இப்ப ரெண்டு பேர் பேரு போயிருக்குது. ஒண்ணு மரியகுழந்தை. இன்னொண்ணு சுந்தரராஜு. மேனேஜர் என்னக் கூப்பிட்டாரு. நீங்க எழுதிக் குடுக்கறதுதான் எனக்குத் தீர்ப்பு, உங்க மகனப் பத்தி நீங்களே எழுதுங்கன்னாரு. எழுதிட்டேன். கோட்டுப் பையில இருக்குது. நாளைக்குக் காலைல ஆபீஸ்ல குடுக்கறேன்.

— இன்னா எழுதுனீங்க?

— கை நிதானமில்ல, ஒக்கார வைக்காதீங்கன்னு.

— பெத்த பிள்ளையப் பத்தியா?

— பெத்த பிள்ளைங்கறதாலதான். வெளையாட்டுச் சாமானத் தூக்கி நிறுத்தத் தெரியாத கை முப்பது உசுரத் தூக்குமா? நாளைக்கு ஒண்ணு ஆனா, கொர்னேலியஸு மகன்னு பாத்து சீட்டுக் குடுத்தான்னு சொல்லுவான். எங்க வீட்டுப் பேருல அந்தச் சொல்லு வேணாம்.

— அண்ணி இன்னா சொன்னாங்க?

— ஒரு வாரமா பேசல. சாப்பாடு வைக்குது. அவன் பின்கட்டுல ஒக்காந்து சாப்பிட்டுட்டு ஷிப்டுக்குப் போறான். சாக்கக் குடு.

— குடுக்கறேன். மொதல்ல இத்தக் கைல புடிங்க.

— இன்ஜின்தானே. நான் வாங்கிக் குடுத்தது.

— புடிங்கண்ணே. எண்ணெ ஒட்டும், பரவால்ல. எவ்ளோ கனம் கீது?

— அர கிலோ இருக்கும். நல்ல கனமான சாமான்தான்.

— இது இன்னா சைசு?

— அறுபது. கடைல இருந்ததுல பெரிசு அதுதான். ஊருக்குப் போன தொர இங்க விட்டாரே ஒரு ப்ளேன், அதுல கூட அறுபதுதான் இருந்துச்சாம். அவரு போறப்ப, கீழ நின்னு அத ஓட்டற ரேடியோ பெட்டிய இவனுக்குக் குடுத்துட்டுப் போனாரு. பெட்டி தொரையோடது, இன்ஜின் மட்டும் சின்னதா இருந்தா நல்லாவா இருக்கும்?

— சுந்தரராஜு அறுபதா கேட்டான்?

— அவன் சைசெல்லாம் ஒண்ணும் சொல்லல. பழைய இன்ஜின் தேஞ்சு போச்சு, பெங்களூர் போறீங்களே, ஒண்ணு வாங்கியாங்கன்னான். நானா பாத்துதான் வாங்குனேன். இன்ஜின் வாங்க எனக்குத் தெரியாதா?

— எப்படிப் பாத்தீங்க?

— வைண்டருக்குப் பாக்கற மாதிரிதான். காலி கேஜுக்கா இன்ஜின் போடறோம்? ரொம்புன கேஜுக்கு மேல ஒரு பங்கு சேத்துப் போடறோம். சக்தி மிஞ்சுனா கெடுதல் இல்ல. கொறஞ்சாதான் கெடுதல்.

— அங்கதாண்ணே. கோச்சுக்காதீங்க. உங்க வைண்டர் சிமெண்டு மேல போல்ட்டு போட்டு ஒக்காந்துகினு கீது. அது எத்தினி டன் இருந்தா இன்னா, தொங்கறது கேஜு மட்டும்தான். ஏரோப்ளேன்ல இன்ஜினும் கேஜுக்குள்ளயே ஏறிக்கிது. அத்தயும் சேத்துத்தான் றெக்கை தூக்கணும். இந்த றெக்கையப் பாருங்க. நடுக்கட்டை எவ்ளோ மெல்லிசு. நாப்பது சைசுக்குன்னு இழச்சது. நான்தான் கூட இருந்தேன். தலகீழா பறக்கணும்னா லேசா இருக்கணும் மாமான்னு ஒவ்வொரு குச்சியா நிறுத்துப் பாத்து ஒட்டுனான். நாப்பதுன்னா கால் கிலோ. நீங்க குடுத்தது அதுல ரெண்டு பங்கு. மூக்கு தொங்கிப்போச்சு. அத்த சரிக்கட்ட வால்ல ஈயம் வெச்சான். மொத்தமும் கனமாய்ப்போச்சு. வட்டம் போட்டுக் கீழ வந்து திரும்ப நிமிர்றப்ப, அந்தக் கனமெல்லாம் நாலு பங்கா ஆயி றெக்கை மேல ஏறும். மூணு தபா தாங்கிச்சு.

— தெரிஞ்சா மாட்டுனான்?

— தெரிஞ்சுதான். நான் சொன்னேன், வேணாம்பா, பெங்களூர்ல குடுத்து மாத்திக்கலாம், விழாவுக்கு அடுத்த வருசம் வுடலாம்னு. கேக்கல.

— ஏன் கேக்கல? சுத்தமா சொல்லு.

— அன்னிக்கி சர்ச்சுல, ஜெபம் முடிஞ்சு எல்லாரும் நிக்கறப்ப, அவன் பொறந்தநாள்னு பாஸ்டரய்யா கையால இந்த இன்ஜினக் குடுக்க வெச்சீங்களே. ‘எங்க அப்பா இதுவரைக்கும் நாலு பேர் முன்னாடி எனக்கு ஒண்ணும் குடுத்ததில்ல மாமா. மொத வரிசைல ஒக்காந்து அந்த இன்ஜினத்தான் பாப்பாரு. அது இல்லன்னா பாஸ்டரய்யாவுக்கு அவரு இன்னா பதில் சொல்லுவாரு?’ இதத்தான் சொன்னான்.

— அதெல்லாம் சரி, பெருமாளு. றெக்கை போச்சு, ஒத்துக்கறேன். ஆனா நான் அவன் கையப் பாத்தேன். முப்பத்தோரு வருசம் நெம்புகோல் புடிச்சவனுக்குக் கை பேசறது தெரியும். அது தடுமாறுனதும் மேல தூக்கப் பாக்கல. பெட்டி மேல பெருவெரல முன்னால தள்ளுனான். தானா கொண்டாந்து மண்ணுல குத்துனான். அதான் என்னால தாங்க முடியல.

— தள்ளத்தான் தள்ளுனான்.

— ஒத்துக்கறல்ல?

— இடது றெக்கை நடுவுல வெரிசல் வுட்டுப் போச்சு. அது திரும்பல. நேரா வந்துச்சு. எங்க பாத்து வந்துச்சுன்னு நெனைக்கறீங்க?

— எங்க நாற்காலியப் பாத்தா?

— மேல தூக்கியிருந்தா இன்னும் இருவது கஜம் பறந்திருக்கும். நாற்காலிக்கு நீங்க சொன்ன பத்து கஜம்தான். அண்ணி மடில மேனேஜரோட சின்னக் கொழந்த ஒக்காந்துகினு இருந்துச்சு. அன்னிக்கி ராத்திரி எங்கிட்ட ஒரே ஒரு வார்த்த சொன்னான். ‘காதுல மூணு மணி அடிச்ச மாதிரி இருந்துச்சு மாமா.’

— மூணு மணியா சொன்னான்?

— ஆமாண்ணே.

— அது சுரங்கக் குழில, ஷாப்டுக்குள்ள அடிக்கற மணி. ரெண்டடிச்சா கீழ எறக்கு. மூணடிச்சா கேஜ்ல ஆளு ஏறிருக்குது. மூணு மணி கேட்டா மெஷினப் பாக்கக் கூடாது, ஆளத்தான் பாக்கணும். அவனுக்கு ஆறு வயசுல நான் சொல்லிருக்கேன், சாப்பாட்டுத் தட்டுல ஸ்பூனால தட்டிக் காட்டி.

— ஆறு மாசமா செஞ்சத ஒரு நொடில குத்துனாண்ணே. அப்புறம் நீங்க எல்லார் முன்னாடியும் எழுந்து, இவன் கைக்கு எதுவும் நிக்காதுன்னு சொன்னீங்க. அப்பவும் வாயத் தொறக்கல. தொறந்திருந்தா, இன்ஜின் வாங்குனது யாருன்னு பேச்சு வந்திருக்கும்.

— அந்த நாற்காலிய இப்படித் தள்ளு.

— ஒக்காருங்க. தண்ணி தர்றேன்.

— மரியகுழந்தை நல்ல பையன்தான். ஆனா அவன் கை மூணு மணிக்கு என்னா பண்ணும்னு எனக்குத் தெரியாது.

— அப்ப அந்தக் கடுதாசி…

— என் கை எண்ணெயா இருக்குது. நீயே எடு. உள்பையில ரெண்டு காயிதம் இருக்கும்.

— பெரிசு கடுதாசி. இந்தச் சின்னச் சீட்டு இன்னாண்ணே, சுந்தரராஜு கையெழுத்து மாதிரி கீது?

— பெரிசக் கிழிச்சுப் போடு. நாளைக்கி மேனேஜர்கிட்ட அந்தச் சின்னதத்தான் குடுக்கப்போறேன். ‘நாப்பது. அதுக்கு மேல வேணாம் அப்பா’ன்னு, நான் பெங்களூருக்கு ரயில் ஏறுன அன்னிக்கி அவன் எழுதிக் குடுத்தது.