சத்தம் வராத அறை

கோர்ட்டுக் கட்டடத்திலேயே நல்ல வெளிச்சம் வருகிற அறை அதுதான். காலையில் ஜன்னலைத் திறந்தால் வெயில் நேராகப் பாயில் வந்து விழும். குழந்தைகளின் துணியை உள்ளேயே காயப்போட்டுவிடலாம். முன்பு அங்கே பழைய வழக்குக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். எலி நாற்றம் போக நான் நாள்கணக்கில் தேய்த்துக் கழுவினேன். அந்த அறையை இப்போது பூட்டிவிட்டார்கள் என்று நேற்று நீங்கள் சொன்னபோதுதான் எனக்கு மனசு சரியில்லாமல் போனது. மற்றபடி இந்தச் சிறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, "நடந்தத உங்க வார்த்தையிலயே எழுதுங்கம்மா, தப்பு வந்தாலும் பரவால்ல" என்றீர்கள். பிழை வரும். ஐம்பதைத் தாண்டித்தான் எழுத்துப் படித்தேன். சொல்லிக் கொடுத்தவரும் உங்களைப் போல ஒரு வக்கீலம்மாதான். அவருடைய குழந்தை விஷயமாகத்தான் நான் இங்கே இருக்கிறேன்.

நீங்கள் சின்ன வயசு, உங்களுக்குப் பழைய கதை தெரியாது. அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவள் நான். கட்டி முடிந்ததும் அங்கேயே தரை துடைக்கச் சேர்ந்துகொண்டேன். பெண் வக்கீல்கள் பட்டபாட்டை என் அளவுக்குப் பார்த்தவர்கள் யாரும் இல்லை, ஏனென்றால் அவர்கள் அந்தப் பாடு படுகிற இடம் கழிவறை. தாழ்ப்பாள் உடைந்த கதவை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, கறுப்புக் கவுனுக்குள் குழந்தையை மறைத்துப் பால் கொடுப்பார்கள். குழந்தையை வீட்டில் விட்டு வந்தவர்கள் கட்டின பாலைக் கைகழுவும் தொட்டியில் பீச்சிவிட்டு, முகம் கழுவி, வாதாடப் போவார்கள். அந்தத் தொட்டியைக் கழுவியது நான். ஆண் வக்கீல்களின் அறையில் கேரம் போர்டும், மத்தியானம் கண் அசர ஒரு கட்டிலும் இருந்தன. அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. இவர்கள் ஒரு அறை கேட்டதும், "கேஸ் நடத்த வந்தீங்களா, தொட்டில் ஆட்ட வந்தீங்களா" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

மகளிர் வழக்கறிஞர் சங்கம் விடவில்லை. சங்கத் தலைவி தலை நரைத்தவர், பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போனவர். அவருடைய பிள்ளைகள் எப்போதோ வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். இருந்தும் நடையாய் நடந்து, வருஷக்கணக்கில் மனு கொடுத்து, கடைசியில் அந்தக் கட்டு அறையை வாங்கினார். ஒரு நிபந்தனையோடுதான் கொடுத்தார்கள். பக்கத்தில் கோர்ட் ஹால். நடுவில் இருப்பது வெறும் பலகைத் தடுப்பு. குழந்தைச் சத்தம் ஹாலுக்குள் வந்தால் அறையைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தலைவி என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி. பிள்ளைங்கள நீங்க பாத்துக்கோங்க. அறை நம்ம கைய விட்டுப் போயிடக் கூடாது" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக என்னிடம் ஒருவர் 'நம்ம' என்று பேசினார்.

குழந்தைகள் என்றால் அழும். தடுப்பைத் தாண்டிச் சத்தம் போனால் நீதிபதியின் சேவகர் வந்து வாசலில் நின்று, வாயில் விரல் வைத்து 'உஷ்' என்பார். வாயைத் திறந்து வேறு பேச மாட்டார். அதனால் அவருக்கு உஷ் அண்ணன் என்றே பெயராகிவிட்டது. முதலில் சிரித்தோம். பிறகு அவர் தலை தெரிந்தாலே அழுகிற குழந்தையைத் தோளில் போட்டுத் தட்ட ஆரம்பித்துவிடுவேன்.

இருந்த குழந்தைகளில் பெரிய தொண்டை ஒன்று இருந்தது. சின்ன வக்கீலம்மாவின் பெண் குழந்தை, அப்போதுதான் தவழ ஆரம்பித்தவள். கிடத்தினாலும் அழுவாள், தூக்கினாலும் அழுவாள், பாலைக் காட்டினால் முகத்தைத் திருப்புவாள், பாலை எடுத்தால் அதற்கும் அழுவாள். எதற்கும் ஒத்துக்கொள்ளாததால் அம்மாக்கள் எல்லாரும் அவளுக்கு எதிர்த்தரப்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஓடி வந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம், "எதிர்த்தரப்பு இன்னிக்கு என்ன சொல்லுதுக்கா?" என்று கேட்பார்கள். "வாய்தா கேக்குதும்மா" என்பேன்.

ஒருநாள் சின்ன வக்கீலம்மா ஹாலில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார், இவள் இங்கே நீலம் பாரிக்கிற அளவுக்கு அழுகிறாள். நான் பயந்துபோய் ஹால் வாசலில் நின்று கையைக் காட்டினேன். அதற்கு முன்பே அழுகை அவர் காதில் விழுந்து, பேச்சு திக்கி, மார்பு நனைந்துவிட்டிருக்கிறது. நீதிபதி பார்த்துவிட்டு, "முதல்ல அந்த வழக்கப் பாத்துட்டு வாங்க, இந்த வழக்கு எங்கயும் ஓடிப்போகாது" என்றார். ஹால் முழுக்கச் சிரித்தது. அவருடைய சீனியர் அன்றைக்கே அந்த வழக்குக் கட்டை ஒரு பையனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். அம்மா வந்து பாயில் உட்கார்ந்து, கவுன் முனையை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். அந்த அறையில் பெரியவர்கள் அழுதாலும் சத்தம் வரக் கூடாதே.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "இனிமே நான் நின்னு பேசிட்டிருக்கும்போது என்னைக் கூப்பிடாதீங்கக்கா. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் கூப்பிடாதீங்க."

"சரிம்மா" என்றேன். நான் சரி என்று சொன்னால் சரிதான்.

அதற்குப் பிறகுதான் மருந்து. அதில் புதுசாக நான் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. கட்டட வேலையில் சாரத்தில் ஏறின பெண் இறங்கினால் மேஸ்திரி அரைநாள் கூலியைப் பிடிப்பான். அதனால் கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் காலையிலேயே சளி மருந்தில் கொஞ்சம் புகட்டி, மணல் மேட்டின் நிழலில் வரிசையாகக் கிடத்திவிட்டு ஏறுவோம். வேலை முடிந்து இறங்கும்வரை ஒன்றும் அசையாது. என் மகளையும் அப்படித்தான் வளர்த்தேன். அவளால் இன்றுவரை எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. முப்பது வயதாகிறது. உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். ஊட்டினால் சாப்பிடுவாள். பேச்சு மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் என்னென்னவோ கேட்டார்கள். பிறவியே அப்படி என்று சொல்லிவிட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் பெற்றவர்களை எதிர்த்துப் பேசுவதைப் பார்க்கும்போது, என் மகள் எவ்வளவோ மேல். இப்போது என் தங்கை பார்த்துக்கொள்கிறாள். ரொம்பச் சாது என்று அவளும்தான் சொல்கிறாள்.

மருந்து ஆரம்பித்த பிறகு உஷ் அண்ணன் வருவது நின்றது. காலையில் அம்மாக்கள் விட்டுவிட்டுப் போவார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தூங்கிவிடும். மத்தியானம் பால் கொடுக்க வருகிறவர்கள், தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நிம்மதியாகத் தாங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் போவார்கள். ஒருத்தருக்குச் சீனியர் பெரிய வழக்கு கொடுத்தார். வேலையை விட்டுவிடலாம் என்றிருந்த இன்னொருத்தர், விடவில்லை. வேறு ஊர்ச் சங்கத்திலிருந்தெல்லாம் அறையைப் பார்க்க வந்தார்கள். ஆண்டுக் கூட்டத்தில் தலைவி என்னை மேடைக்குக் கூப்பிட்டு, இந்த அம்மாவின் கை பட்டால் குழந்தை தூங்கிவிடும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அத்தனை வக்கீல்கள் இருந்த கூட்டம் அது. சாட்சியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கேள்வி கேட்டுத் திணறடிக்கிறவர்கள். அத்தனை குழந்தையும் ஒரே நேரத்தில் எப்படித் தூங்குகிறது என்று ஒருத்தர்கூட என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ராத்திரி முழுக்க முழித்திருக்கிறாள், பகலில் நன்றாகத் தூங்கிவிடுகிறாள் போல என்று சின்ன வக்கீலம்மாவே ஒருநாள் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த அமைதியில்தான் எனக்குப் படிப்பு வந்தது. மத்தியான இடைவேளையில் சின்ன வக்கீலம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். முதலில் நான் படித்தது எங்கள் கதவுப் பலகையை. மகளிர் என்ற சொல்லைத் தொட்டுத் தொட்டுக் கூட்டியபோது அவர் கண் கலங்கிவிட்டது. "எதைக் கையில எடுத்தாலும் படிச்சுப் பாக்காம வைக்காதீங்கக்கா. சோப்பு உறையா இருந்தாலும் சரி" என்பார். அப்படியே செய்தேன். சோப்பு உறை, பிஸ்கட் பொட்டலம், ஹால் வாசலில் ஒட்டுகிற வழக்குப் பட்டியல், எல்லாம் படித்தேன்.

இனி அந்த நாள். தையல் தொழிற்சாலை ஒன்றில் கர்ப்பமான பெண்களை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். சங்கமே அவர்களுக்காக வழக்குப் போட்டிருந்தது. பேசும் பொறுப்பைத் தலைவி சின்ன வக்கீலம்மாவிடம் கொடுத்தார். அதே ஹால், அதே நீதிபதி, அன்று சிரித்த அதே ஆட்கள். காலையில் வந்தபோதே பேச வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார். குழந்தைக்கு ராத்திரியிலிருந்து சளியும் காய்ச்சலும். "மருந்து கொடுத்துத்தான் கூட்டிட்டு வந்தேன்கா. அவ தூங்கிடுவான்னு நினைக்கிறேன். இன்னிக்கு மட்டும் பாத்துக்கோங்க" என்றார்.

அவர் போனதும் குழந்தை முனக ஆரம்பித்தாள். ஹாலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். முனகல் அழுகையாக மாறுவதற்குள் நான் என் மருந்தைப் புகட்டினேன். வழக்கமாகக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூட. பெரிய நாள் அல்லவா.

எதிர்த்தரப்பு அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இங்கேதான் உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. சங்கத்தில் யாரும் எனக்காக நிற்க மாட்டேன் என்றபோது, இலவச சட்ட உதவியிலிருந்து நீங்கள் வந்தீர்கள். இது உங்களுக்கு முதல் வழக்கு என்றும் சொன்னீர்கள். தோற்றுப்போய்த் தொடங்கக் கூடாது என்று எனக்கும் ஆசைதான். ஆனால் நீங்கள் சொல்லச் சொல்வது இரண்டும் பொய். எழுத்துத் தெரியாதவள், இன்ன மருந்து என்று புரியாமல் கொடுத்துவிட்டாள் என்பது ஒன்று. வேலைக் களைப்பில் அசந்துவிட்டாள், குழந்தைக்கு மூச்சு மாறியதைக் கவனிக்கவில்லை என்பது இன்னொன்று.

முதலாவதைச் சொன்னால் எனக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கு அவமானம். பாட்டிலில் தமிழிலும் ஒட்டியிருந்த சின்ன எழுத்தை நான் படித்தேன். படிப்பு வந்த பிறகு வாங்கின ஒவ்வொரு பாட்டிலிலும் படித்தேன். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று போட்டிருந்தது. கூடாது என்பதில் வருகிற 'டா' முதலில் தடுக்கியது, பிறகு சரளமாக வந்துவிட்டது. யாரையும் கேட்காமல் நானாகவே படித்தேன்.

இரண்டாவதும் அப்படித்தான். நான் அசரவில்லை. அவளை மடியில்தான் வைத்திருந்தேன். மூச்சு விட்டு விட்டு வந்ததைப் பார்த்தேன். உதடு நிறம் மாறியதையும் பார்த்தேன். கீழ்த்தளத்தில் முதலுதவி அறை இருக்கிறது. அங்கே ஒரு நர்ஸ் நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார். மாடிப்படி இறங்கினால் போதும், அது என் நினைவுக்கும் வந்தது. ஆனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் ஓடினால் ஹால் வாசலைத் தாண்டித்தான் ஓட வேண்டும். கதவு திறந்திருந்தது. அவர் பார்ப்பார். பேச்சு திக்கும். மறுபடி சிரிப்பார்கள். அந்தப் பெண்களின் வேலையும் போகும், அறையும் போகும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் குரல் அவ்வளவு தெளிவாக இருந்தது. பிள்ளை பெறுகிறவள் அதற்காக ஒன்றையும் இழக்கும்படி இருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. நீதிபதி குறுக்கே கேட்டதற்கெல்லாம் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். நான் குழந்தையின் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டேன். அவர் பேசி முடிப்பதற்கு வெகுமுன்பே என் கைக்கு அடியில் எல்லாம் நின்றுவிட்டது. துணியை இழுத்துக் கழுத்துவரை போர்த்திவிட்டேன்.

அந்தப் பெண்களைத் திரும்ப வேலைக்கு எடுக்க வேண்டும் என்று நீதிபதி அங்கேயே உத்தரவு சொல்லிவிட்டார். அம்மா கவுன் பறக்க ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் வாசல் முழுக்கச் சங்கத்துப் பெண்கள். "ஜெயிச்சிட்டோம்கா. எங்க, எதிர்த்தரப்பு என்ன சொல்றா?" என்று கையை நீட்டினார்.

"தூங்குறாம்மா" என்றேன். கையில் கொடுத்தேன்.

அவர் இப்போது கோர்ட்டுக்கே வருவதில்லை, கவுனை யாருக்கோ கொடுத்துவிட்டார் என்று நீங்கள் சொன்னீர்கள். அதுதான் எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு நன்றாகப் பேசத் தெரிந்தவர் வீட்டில் உட்கார்ந்துவிட்டால், அத்தனை பேர் பட்டபாடும் எதற்காக? என்னைப் பார்க்க வர மாட்டார். கோபம் இருக்கும், நியாயம்தான். ஆறுவதற்கு நாளாகும். ஆறின பிறகு நீங்களோ தலைவியோ யாராவது அவரிடம் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும். அவர் நின்று பேசின நேரம் முழுக்க, நான் ஒரு தடவைகூட அவரைக் கூப்பிடவில்லை.